கொலஸ்ட்ரால் மாத்திரையும் அதன் துணைகளும்: ஸ்டாட்டினைப் பாதுகாப்பாக உட்கொள்வது பற்றி

2001 ஆகஸ்ட் மாதத்தில், செரிவாஸ்டாட்டின் என்னும் கொலஸ்ட்ரால் மருந்தை அதைத் தயாரித்த ஜெர்மனியின் பேயர் நிறுவனம் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. அம்மருந்து விற்பனைக்கு வந்து நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள், தசைகள் சிதைந்து, அந்தச் சிதைவில் வெளிப்பட்ட புரதம் சிறுநீரகத்தை முடக்கியதால் உலகெங்கும் 52 பேர் இறந்ததாகப் பதிவாகியிருந்தது. ஸ்டாட்டின் வகை மருந்துகளின் வரலாற்றில் இதைவிடக் கொடிய நிகழ்வு வேறில்லை. ஆயினும் அந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தபோது தெரியவந்தவை, இன்று ஸ்டாட்டின் உட்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் பயன்படக்கூடிய செய்திகள். அமெரிக்காவில் இறந்த 31 பேரில் 12 பேர், ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஜெம்ஃபைப்ரோசில் என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்து உட்கொண்டிருந்தனர். மற்றவர்களில் பலருக்குச் செரிவாஸ்டாட்டினின் மிக உயர்ந்த அளவு கொடுக்கப்பட்டிருந்தது.

செரிவாஸ்டாட்டின் மற்ற ஸ்டாட்டின்களைவிடத் தசைக்கு அதிகக் கேடு விளைவித்த மருந்து என்பதில் ஐயமில்லை. அதனால்தான் அது இன்று உலகில் எங்கும் விற்கப்படுவதில்லை. ஆனால் அதில் கண்ட பாடம் எஞ்சியுள்ள ஸ்டாட்டின்களுக்கும் பொருந்தும். இந்த மாத்திரையால் கடுமையான தீங்கு நேரும்போது, பெரும்பாலும் அதற்குக் காரணம் ரத்தத்தில் அதன் அளவு வரம்பு மீறி உயர்ந்திருப்பதுதான். எவ்வளவு மில்லிகிராம் எழுதப்பட்டது, உடன் எந்த மருந்து சேர்ந்தது, உட்கொள்பவரின் வயதும் சிறுநீரகமும் தைராய்டும் எந்த நிலையில் இருந்தன என்பவையே அந்த அளவையும், அதைத் தாங்கும் தசையின் வலுவையும் தீர்மானிக்கின்றன.

மருந்து வேலை செய்யும் விதத்தைப் புரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். உடலிலுள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதில்லை. உடலே அதை உற்பத்தி செய்கிறது. அந்த உற்பத்தியில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் படி ஒன்று உண்டு. அந்தப் படியை நடத்தும் நொதியான எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸை ஸ்டாட்டின் தடுக்கிறது. தன் கையிருப்பு குறைவதை உணரும் கல்லீரல் செல், ரத்தத்தில் மிதக்கும், 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்டிஎல் துகள்களைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளைத் தன் மேற்பரப்பில் கூடுதலாக அமைத்துக்கொள்கிறது. இந்த ஏற்பிகளைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985இல் நோபல் பரிசு பெற்றனர். அந்த நொதியைத் தடுக்கும் பொருளைத் தேடியவர் ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ. 1971 முதல் ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்த அவர், அரிசியில் வளர்ந்த ஒரு பெனிசிலியம் பூசணத்தில் 1973இல் முதல் ஸ்டாட்டினைக் கண்டெடுத்தார். அது மருந்தாகச் சந்தைக்கு வரவில்லை. வேறொரு பூஞ்சையிலிருந்து கிடைத்த லோவாஸ்டாட்டினே 1987இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்ற முதல் ஸ்டாட்டின் ஆயிற்று.

இந்த இயக்கத்திலிருந்து நடைமுறைக்கு உதவும் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, மாத்திரையை நிறுத்தினால் ஏற்பிகள் மீண்டும் குறைந்து, சில வாரங்களில் எல்டிஎல் பழைய அளவுக்கே திரும்பிவிடும். ரத்தப் பரிசோதனையில் எண் சரியாக வந்ததும், 'கொலஸ்ட்ரால் நார்மல் ஆகிவிட்டது' என்று தாமாகவே நிறுத்திவிடுவோரை நம்மிடையே மிகுதியாகக் காண முடிகிறது. அந்த நல்ல எண், மாத்திரை உள்ளே இருப்பதால் கிடைத்த எண். காய்ச்சல் மாத்திரையைப் போல இதைச் சில நாள் எடுத்துவிட்டு முடித்துக்கொள்ள முடியாது. இரண்டாவது, அளவை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாவதில்லை. ஒவ்வொரு முறை இரட்டிப்பாக்கும்போதும் எல்டிஎல் ஏறத்தாழ 6 சதவீதம் மட்டுமே கூடுதலாகக் குறைகிறது. பக்க விளைவுக்கான வாய்ப்போ அளவோடு சேர்ந்து உயர்கிறது. ஆகவேதான், ஓரளவு மருந்தில் இலக்கை எட்ட முடியாதவருக்கு அதையே உச்ச அளவுக்கு உயர்த்தாமல், குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெட்டிமைபைச் சேர்ப்பதை மருத்துவர்கள் பல வேளைகளில் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு நிலைமை வேறு. அவர்களுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் 40 முதல் 80 மில்லிகிராம், அல்லது ரோசுவாஸ்டாட்டின் 20 முதல் 40 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவே பொதுவாகத் தொடக்கத்திலிருந்து பரிந்துரைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருவோருக்குப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புமுன் கொடுக்கப்படும் மாத்திரைகளில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றுடன் அட்டோர்வாஸ்டாட்டினும் இருப்பது இதனால்தான். பக்கத்து வீட்டுக்காரர் 80 மில்லிகிராம் எடுக்கிறார், எனக்கு ஏன் 10 என்று கேட்பதற்கும், அவர் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதற்கும் இங்கே இடமில்லை. அளவு என்பது அந்தந்த மனிதருக்கு உள்ள ஆபத்தைக் கணக்கிட்டு எழுதப்படுவது.

அளவைப் பற்றிப் பேசும்போது நம் மரபினர் தனியாக அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ரோசுவாஸ்டாட்டினை ஒரே அளவில் கொடுத்தாலும், ஆசிய மரபினரின் ரத்தத்தில் அது ஐரோப்பிய மரபினரைவிட அதிகமாகத் தங்குகிறது. சீன, ஜப்பானிய மரபினரிடம் ஏறத்தாழ இருமடங்கும், இந்திய மரபினரிடம் ஏறத்தாழ 1.3 மடங்கும் காணப்பட்டது. எனவே அமெரிக்க மருந்துக் குறிப்பு, இந்தியர் உள்ளிட்ட ஆசியருக்கு 5 மில்லிகிராமிலிருந்து தொடங்கச் சொல்கிறது. ஐரோப்பியக் குறிப்பு அவர்களுக்கு 40 மில்லிகிராம் அளவை அறவே விலக்குகிறது. கனடாவிலோ பிரிட்டனிலோ வாழும் தமிழர் ஒருவர், தம் மரபை மருத்துவர் கவனத்தில் கொண்டாரா என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

இனி துணை மருந்துகளுக்கு வருவோம். என் பார்வையில், மற்ற எதையும்விட இதைப் பற்றியே நோயாளிகளிடம் அதிகம் பேசவேண்டும். ஆனால் இதைப் பற்றித்தான் மிகக் குறைவாகப் பேசப்படுகிறது. சிம்வாஸ்டாட்டின், லோவாஸ்டாட்டின், ஓரளவுக்கு அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மூன்றும் சிஒய்பி3ஏ4 என்ற நொதியால் சிதைக்கப்பட்டு வெளியேறுகின்றன. அந்த நொதியை முடக்கும் வேறொரு மருந்து உள்ளே வந்தால், அன்றாடம் எடுக்கும் அதே மாத்திரை ரத்தத்தில் பல மடங்கு தேங்கிவிடும். தொண்டைத் தொற்றுக்கும் சளிக்கும் எழுதப்படும் கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாடிக்குகள், படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுக்கு வாரக்கணக்கில் கொடுக்கப்படும் இட்ராகோனசோல், எச்ஐவிக்கான சில மருந்துகள் ஆகியவை அத்தகையவை. படர்தாமரைக்குத் தோல் மருத்துவரிடம் செல்லும் ஒருவர், தாம் கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பதை அவரிடம் சொல்லத் தோன்றாமல் விட்டுவிடுவது இயல்பு; தோலுக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன தொடர்பு என்றே யாரும் நினைப்பார்கள். ஆனால் சிம்வாஸ்டாட்டினோடு இட்ராகோனசோலைச் சேர்க்கவே கூடாது. குறுகிய காலச் சிகிச்சையாக இருந்தால், அத்தனை நாளும் ஸ்டாட்டினை நிறுத்திவைக்கச் சொல்வார் மருத்துவர். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின் ஆகியவற்றுக்குப் பதிலாக, பொருத்தமான இடங்களில், இந்த நொதியை அவ்வளவாகத் தொடாத அஸித்ரோமைசின் போன்ற மாற்று ஆன்டிபயாடிக்கும் எழுதப்படலாம்.

ரத்த அழுத்த மருந்துகளிலும் இந்தச் சிக்கல் உண்டு. அம்லோடிபின் எடுப்பவர் சிம்வாஸ்டாட்டினை 20 மில்லிகிராமுக்கு மேலும், டில்டியாசெம் அல்லது வெரபமில் எடுப்பவர் 10 மில்லிகிராமுக்கு மேலும் உட்கொள்ளக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல் வரம்பு விதித்தது. சிம்வாஸ்டாட்டின் 80 மில்லிகிராம் அளவைப் புதிதாக யாருக்கும் தொடங்க வேண்டாம் என்றும் அதே ஆண்டு அறிவித்தது. ட்ரைகிளிசரைடுக்காக ஸ்டாட்டினோடு இன்னொரு மருந்து தேவைப்பட்டால் ஃபெனோஃபைப்ரேட்டே தேர்ந்தெடுக்கப்படுகிறது; செரிவாஸ்டாட்டின் மரணங்களில் உடனிருந்த ஜெம்ஃபைப்ரோசில் தவிர்க்கப்படுகிறது. உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் கொடுக்கப்படும் சைக்ளோஸ்போரின், மூட்டு வாதமான கௌட்டுக்கான கோல்சிசின், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் ஆகியவற்றை எடுப்போரும் மருத்துவரிடம் இதைக் கேட்டாக வேண்டும். ரோசுவாஸ்டாட்டின் இந்த நொதியை அதிகம் நம்பியிருப்பதில்லை என்றாலும் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும், அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த ஆன்டாசிட் திரவம் அதன் உறிஞ்சலைப் பாதியாகக் குறைத்துவிடுவதால், மாத்திரை எடுத்து இரண்டு மணி நேரம் கழித்தே அதைக் குடிக்க வேண்டும்.

கிரேப்ஃபுரூட் சாற்றைப் பற்றிய எச்சரிக்கையை மாத்திரை அட்டையோடு வரும் துண்டுத்தாளில் பலர் படித்திருப்பார்கள். அது திராட்சை அன்று. எலுமிச்சை இனத்தைச் சேர்ந்த, சற்றுக் கசப்பான பெரிய பழம். அதிலுள்ள சில சேர்மங்கள் குடலிலுள்ள இதே நொதியை முடக்குகின்றன. நம்மூர்ப் பம்பளிமாஸ் அதன் நெருங்கிய உறவு. அதே வகைச் சேர்மங்கள் அதிலும் உள்ளன. எனவே சிம்வாஸ்டாட்டினோ அட்டோர்வாஸ்டாட்டினோ எடுப்பவர் இவ்விரண்டையும் அதிகமாக உண்பதைத் தவிர்ப்பது நல்லது. திராட்சைக்கு இந்தத் தடை பொருந்தாது.

ஒரே மருந்தை அறியாமல் இருமுறை உட்கொள்ளும் ஆபத்தும் சிறியதன்று. இந்தியச் சந்தையில் ஸ்டாட்டின் தனியாகவும் கிடைக்கிறது. ஆஸ்பிரினோடும் குளோபிடோக்ரெலோடும் ஃபெனோஃபைப்ரேட்டோடும் ஒரே மாத்திரையில் கலந்தும் கிடைக்கிறது. இதய மருத்துவர் ஒரு கூட்டு மாத்திரையை எழுதியிருக்க, சர்க்கரை நோய் மருத்துவர் வேறொரு வணிகப் பெயரில் தனி ஸ்டாட்டினை எழுத, இரண்டையும் ஒருவர் மாதக்கணக்கில் சேர்த்து விழுங்க வாய்ப்புண்டு. வணிகப் பெயர் எதுவாக இருந்தாலும், அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயர் 'ஸ்டாட்டின்' என்று முடிகிறதா என்று பார்த்தால் இதைக் கண்டுபிடித்துவிடலாம். பெற்றோரின் மாத்திரைப் பெட்டியை நிரப்பிக் கொடுக்கும் பிள்ளைகள் இதை ஒருமுறையாவது செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தசை வலியே இந்த மருந்தின் மேல் சொல்லப்படும் முதல் புகார். ஆகவே அதை நிதானமாகப் பார்க்க வேண்டும். ஸ்டாட்டினால் வரும் தசைத் துன்பம் உண்மையானது. பெரும்பாலும் அது தொடைகளிலும் இடுப்பிலும் தோள்களிலும் கெண்டைக்கால்களிலும் இருபக்கமும் ஒன்றுபோல வரும். மருந்து தொடங்கிய அல்லது அளவு உயர்த்திய சில வாரங்களிலோ மாதங்களிலோ தோன்றி, நிறுத்திய சில வாரங்களில் மறையும். ஒரு முழங்கால் மூட்டில் மட்டும் வலிப்பதும், பத்து ஆண்டுகளாக எடுத்துவரும் அதே அளவில் திடீரென ஒரு தோள் மட்டும் பிடித்துக்கொள்வதும் இதனால் வந்திருக்க வாய்ப்புக் குறைவு. 2022இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றில், எது உண்மை மருந்து, எது போலி மாத்திரை என்று தெரியாமலே உட்கொண்டவர்களில், ஸ்டாட்டின் எடுத்தோரில் 27.1 சதவீதம் பேரும் போலி மாத்திரை எடுத்தோரில் 26.6 சதவீதம் பேரும் தசை வலியைச் சொன்னார்கள். நடுத்தர வயதைக் கடந்த மனிதர்களில் நான்கில் ஒருவருக்கு எப்படியும் வலி இருக்கிறது என்பதும், மாத்திரையால் கூடுதலாக வந்தது அதில் மிகச் சிறு பங்கே என்பதும், அந்தச் சிறு பங்கும் பெரும்பாலும் முதல் ஆண்டிலேயே வந்தது என்பதும் இதன் பொருள். 2020இல் பிரிட்டனில் நடந்த இன்னொரு ஆய்வு, பக்க விளைவால் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு மாதம் மாற்றி மாதம் ஸ்டாட்டினும் போலி மாத்திரையும் வெறுமையும் கொடுத்துப் பார்த்தது. ஸ்டாட்டின் மாதத்தில் அவர்கள் உணர்ந்த துன்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் போலி மாத்திரை மாதத்திலும் இருந்தது.

இதைச் சுட்டிக்காட்டி, 'உங்கள் வலி வெறும் மனப்பிரமை' என்று நோயாளியிடம் சொல்வது தவறு, கொடுமையும்கூட. அந்த 60 பேருக்கும் வலி மெய்யாகவே வலித்தது. பயத்தோடு எதிர்பார்க்கும் உடல் வலியை உண்டாக்க வல்லது என்பதே ஆய்வின் முடிவு. ஆகவே செய்ய வேண்டியது, மருத்துவரின் கண்காணிப்பில் சில வாரம் நிறுத்திப் பார்ப்பது, தசைச் சிதைவைக் காட்டும், சிபிகே எனப்படும் கிரியேட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனையைச் செய்வது, தைராய்டு குறைவாகச் சுரக்கிறதா என்று அறிவது, பிறகு குறைந்த அளவிலோ வேறொரு ஸ்டாட்டினிலோ மீண்டும் தொடங்குவது. தைராய்டுக் குறைபாடு தானே கொலஸ்ட்ராலை உயர்த்தும். தானே தசையையும் நோகச் செய்யும். ஸ்டாட்டினின் தசைப் பாதிப்பையும் கூட்டும். அதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தவர்கள் உண்டு. எந்த ஸ்டாட்டினும் ஒத்துக்கொள்ளாத ஒரு சிலருக்கு எஸெட்டிமைப், பெம்பெடாயிக் அமிலம் போன்ற மாற்றுகள் இப்போது இருக்கின்றன.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. படியேற முடியாத, உட்கார்ந்த இடத்திலிருந்து எழ முடியாத அளவுக்குத் தசை பலவீனம், கடும் தசை வலியோடு கட்டன் காபி நிறத்தில் சிறுநீர், கண்ணும் தோலும் மஞ்சளாவது ஆகியவை தோன்றினால் அடுத்த மாத்திரையை எடுக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிபிகே இயல்பு வரம்பைப்போல் பத்து மடங்கைத் தாண்டியிருந்தால் மருந்து நிறுத்தப்படும். மருந்தை நிறுத்தி மாதங்கள் ஆகியும் பலவீனம் கூடிக்கொண்டே போனால், அரிதாகவே வரும் எதிர்ப்புச் சக்திக் கோளாறு ஒன்றைச் சந்தேகித்து அதற்கான சிகிச்சையைத் தொடங்க வேண்டியிருக்கும்.

சர்க்கரை நோயைப் பற்றிய அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஸ்டாட்டின் ரத்தச் சர்க்கரையைச் சிறிதளவு உயர்த்துகிறது. 2010இல் வெளியான கணக்கு ஒன்று, 255 பேர் நான்கு ஆண்டுகள் ஸ்டாட்டின் எடுத்தால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வரும் என்றது. உயர்ந்த அளவில் எடுப்போருக்கு இந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அப்படி வருவோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே எல்லைக்கோட்டில் நின்றவர்கள். சர்க்கரை நோய் இவ்வளவு பரவியுள்ள நம் சமூகத்தில் எல்லைக்கோட்டில் நிற்போர் ஏராளம் என்பதால், மாத்திரை தொடங்குமுன்னும் பின்னரும் சில மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்துக்கொள்வது நமக்குக் கூடுதல் அவசியம். அதே வேளையில், சர்க்கரை நோயாளிகளுக்கே மாரடைப்பைத் தடுக்க ஸ்டாட்டின் எழுதப்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

கல்லீரல் விஷயம் இதைவிட எளிது. முன்பெல்லாம் ஸ்டாட்டின் எடுப்போருக்குக் கல்லீரல் பரிசோதனை அடிக்கடி செய்யப்பட்டது. கடுமையான ஈரல் பாதிப்பு மிக அரிது என்பதால், தொடக்கத்தில் ஒருமுறையும் அறிகுறி இருந்தால் மீண்டும் பார்த்தாலே போதும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் மாற்றிவிட்டது. ஸ்கேனில் கொழுப்பு ஈரல் இருப்பது இந்த மருந்தைத் தவிர்க்கக் காரணமாகாது. முற்றிய ஈரல் சுருக்க நோயும் செயல்நிலையிலுள்ள ஈரல் அழற்சியுமே தடைகள்.

இத்தனை தீமைகளையும் நன்மையோடு வைத்து எடைபோட்ட கணக்கு ஒன்று 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. 10,000 பேருக்கு எல்டிஎல்லை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 77 மில்லிகிராம் குறைக்கும் அளவில் ஐந்து ஆண்டுகள் ஸ்டாட்டின் கொடுத்தால், அவர்கள் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களாயின் சுமார் 1,000 பேருக்கும், இல்லாத ஆனால் ஆபத்து மிகுந்தவர்களாயின் சுமார் 500 பேருக்கும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை தடுக்கப்படும். அதே 10,000 பேரில் ஏறத்தாழ ஐவருக்குத் தசை நோயும், 50 முதல் 100 பேருக்குப் புதிதாகச் சர்க்கரை நோயும், 5 முதல் 10 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவும் வரக்கூடும். ஆபத்து குறைந்த இளைஞருக்கு இந்தத் தராசு வேறு விதமாகச் சாயலாம் என்பதையும் இதே கணக்கிலிருந்து ஊகிக்கலாம். 'ரிப்போர்ட்டில் ஒரு எண் சிவப்பாக இருக்கிறது' என்பது மட்டுமே எல்லோருக்கும் மாத்திரைக்கான காரணமாகிவிடாது. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடும்ப வரலாறு ஆகிய அனைத்தையும் பார்த்தே மருத்துவர் முடிவெடுக்க வேண்டும்.

டென்மார்க்கில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாட்டின் பயனர்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஸ்டாட்டினைப் பற்றி எதிர்மறைச் செய்திகள் வெளியான காலங்களில் அதைத் தொடக்கத்திலேயே நிறுத்தியவர்கள் அதிகமாக இருந்ததும், அப்படி நிறுத்தியவர்களிடையே மாரடைப்பும் இதய மரணமும் கூடுதலாக இருந்ததும் தெரியவந்தன. அலைபேசியில் வந்து விழும் காணொளிகளைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடும் உறவினர்களை நினைக்கும்போது இந்த ஆய்வு என்னை மிகவும் வருத்துகிறது. நிறுத்திய பலர் 'இயற்கை' என்று விற்கப்படும் பொடிகளுக்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக்கும் போகிறார்கள். அந்த அரிசியிலுள்ள மொனாகோலின் கே என்பது வேதியியலில் லோவாஸ்டாட்டினேதான். எத்தனை மில்லிகிராம் உள்ளே இருக்கிறது என்பது தெரியாமல், அதே மருந்தை, அதே பக்க விளைவுகளோடு உட்கொள்வதாகவே அது முடிகிறது. ஏற்கெனவே ஸ்டாட்டின் எடுப்பவர் அதையும் சேர்த்தால் அளவு கூடிவிடும்.

அன்றாட நடைமுறையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அட்டோர்வாஸ்டாட்டினும் ரோசுவாஸ்டாட்டினும் உடலில் நீண்ட நேரம் தங்குவதால் காலையோ இரவோ எந்நேரமும் எடுக்கலாம். சீக்கிரம் வெளியேறிவிடும் சிம்வாஸ்டாட்டின் போன்றவற்றை இரவில் எடுக்க வேண்டும். ஒருநாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. தொடங்கி 4 முதல் 12 வாரங்களுக்குள் கொலஸ்ட்ராலைப் பரிசோதித்து, மருந்து பலன் தருகிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவருக்கு ரோசுவாஸ்டாட்டின் 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அந்த வரம்பு இல்லை.

கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். கர்ப்பத்தில் இம்மருந்தை முற்றிலும் விலக்கிய மிகக் கடுமையான எச்சரிக்கையை 2021இல் அமெரிக்க நிர்வாகம் தளர்த்தியது. மாரடைப்பு வந்தவர்கள், பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் உள்ளவர்கள் போன்ற சிலருக்காகவே அந்தத் தளர்வு. மற்றவர்கள் கர்ப்பம் உறுதியானதும் நிறுத்திவிடுவதே இன்றைய வழக்கம். தெரியாமல் தொடக்க வாரங்களில் எடுத்துவிட்ட பெண் அதற்காகக் கலங்கவேண்டியதில்லை. அக்காலத்தில் எடுத்ததால் குழந்தைக்குக் குறை நேர்ந்ததாக ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மட்டும் இந்த மாத்திரை வேண்டாம். பால் கொடுப்பதை நிறுத்தியபின் எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை, மாத்திரையை நிறுத்தும் அன்றே மருத்துவரிடம் கேட்டு மருந்துச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.